ஒரு தொட்டிக்குத்தான் இடம்: சோற்றுக்கற்றாழையா, கேப் கற்றாழையா, இபூச்சுவா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துப் பீனிக்ஸில் மாடி வீட்டில் இருக்கும் தங்கை ஒருத்தி போன மாதம் கேட்டாள்: "அக்கா, சமையலறைச் சன்னலுக்கு வெளியே ஒரே ஒரு தொட்டி வைக்கத்தான் இடம் இருக்கு. பிள்ளைங்க கையைச் சுட்டுக்கிட்டா தடவ ஒரு கற்றாழை வேணும். எதை வைக்கட்டும்?" அடுத்த வாரம், அதே டர்பன் பக்கத்து டோங்காட்டில் தோட்டத்தோடு வீடு வைத்திருக்கும் மாமா ஒருவர் கேட்டார்: வேலியோரம் நிற்கும் முள்கற்றாழையின் சாற்றைக் காலையில் குடிக்கலாமா? சர்க்கரைக்கு நல்லது என்று கோயிலில் யாரோ சொன்னார்களாம்.

இருவர் வாயிலும் வந்தது ‘கற்றாழை’ என்ற ஒரே சொல். ஆனால் தங்கை மனதில் இருந்த செடி வேறு, மாமாவின் வேலியில் நிற்கும் செடி வேறு. 1860-ல் சென்னையிலிருந்து ‘துரூரோ’ கப்பலில் டர்பனுக்கு வந்து இறங்கிய முதல் கூட்டம் தொடங்கி, நம் முன்னோர்கள் கற்றாழை என்ற பெயரையும் அதன் மேலிருந்த நம்பிக்கையையும் கூடவே கொண்டுவந்தார்கள். இந்த மண்ணிலோ நூற்றுக்கு மேற்பட்ட கற்றாழை வகைகள் ஏற்கெனவே நின்றன. பழைய பெயரைப் புதிய செடிகளுக்கு வைத்தோம். பழைய நம்பிக்கையையும் அப்படியே ஏற்றிவிட்டோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அதனால் இங்கே டர்பன் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் மூன்று செடிகளை எடுத்துக்கொண்டு, எதை யார் வளர்க்கலாம், எதை யார் தொடக்கூடாது என்று விரிவாக எழுதுகிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, வெளியே பூசவா, உள்ளே சாப்பிடவா? மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இது பெரியது. பூசுவதில் தவறினால் பெரும்பாலும் அரிப்போடு போய்விடும். குடிப்பதில் தவறினால் குடலும் சிறுநீரகமும் விலை கொடுக்கும்.

இரண்டாவது, வீட்டில் யார் இருக்கிறார்கள்? கர்ப்பிணி, கைக்குழந்தை, தண்ணீர் மாத்திரை (சிறுநீரைக் கூட்டும் மாத்திரை) சாப்பிடும் தாத்தா, எதையும் மென்று பார்க்கும் நாய்க்குட்டி, இவர்களில் யாராவது இருந்தால் பதில் மாறும்.

மூன்றாவது, இடமும் ஈரமும். டர்பனின் கோடை மழையும் புழுக்கமும் வறண்ட நிலத்துச் செடிகளுக்குப் பகை.

நான்காவது, நட்ட நாளிலிருந்து பயன்படும் நாள் வரை எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பது. ஐந்தாவது, மரபில் சொல்வதற்கு ஆய்வில் எவ்வளவு துணை இருக்கிறது என்பது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் அடையாளம். நீலச் சாம்பல் நிறத்தில், ஓரமெல்லாம் முள்ளும் நுனியில் ஊசியுமாகச் சாலையோரம் நிற்கிறதே, அந்த ஆனைக்கற்றாழை இந்தக் குடும்பமே அல்ல. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த வேறு இனம் அது. அதன் சாற்றில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. தோலில் பட்டால் எரிந்து தடிக்கும். பெயரில் ‘கற்றாழை’ இருப்பதால் அதை வெட்டிச் சூட்டுக்காயத்தில் வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதேபோல், ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும் எந்தச் செடியும் கள்ளி வகையாக இருக்கலாம். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பால் வெள்ளையாக வந்தால் அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

சோற்றுக்கற்றாழை

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் ஆயா வீட்டு வராண்டாவில் பழைய பெயின்ட் டப்பாவில் ஒரு சோற்றுக்கற்றாழை இருந்தது. 1960-களில் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நிறவெறி அரசு குடும்பத்தைக் கிளப்பி அனுப்பியபோது ஆயா கையோடு எடுத்து வந்த சில பொருட்களில் அதுவும் ஒன்று. அதன் குட்டிகள்தான் இப்போது என் வீட்டிலும் சித்தி வீட்டிலும் நிற்கின்றன. அடியிலிருந்து பக்கக்கன்று விடும், பிரித்து நட்டால் போதும். காசு கொடுத்து வாங்க வேண்டிய செடியே இல்லை.

அரேபியத் தீபகற்பத்தைச் சேர்ந்த செடி இது. பூ மஞ்சள். இலையை வெட்டினால் இரண்டு வேறு பொருள்கள் கிடைக்கும், இதை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். தோலுக்குக் கீழே கசியும் மஞ்சள் பால் ஒன்று. நடுவில் இருக்கும் நிறமற்ற வழுவழுப்பான சோறு இன்னொன்று. நம் பாட்டிமார் சோற்றை ஏழு முறை கழுவச் சொன்னார்களே, அது வெறும் சடங்கில்லை. மஞ்சள் பால் கசக்கும், வயிற்றைப் போக்கும், சிலருக்குத் தோலில் அரிப்பும் தரும். கழுவினால் அது போய்விடும். வெட்டிய இலையைக் கால்மணி நேரம் சாய்த்து நிறுத்திப் பால் வடிந்த பிறகு தோலை சீவிக் கழுவினால் வேலை இன்னும் எளிது.

வெளிப்பூச்சில் இதற்கு நல்ல துணை இருக்கிறது. சூட்டுக்காயங்களில் கற்றாழையைப் பயன்படுத்திய 4 ஆய்வுகளை, மொத்தம் 371 பேர், ஒன்றாக வைத்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று 2007-ல் வெளியானது. மேலோட்டமான, நடுத்தரமான காயங்கள் ஆறும் காலம் சராசரியாக ஏறக்குறைய 9 நாள் குறைந்ததாகக் கணக்கு. ஆய்வுகளின் தரம் சீராக இல்லை என்று அவர்களே எச்சரித்தும் இருக்கிறார்கள். இதற்கு நேர் எதிரான செய்தியும் உண்டு. பிரசவ அறுவைக்கும் வயிற்று அறுவைக்கும் பிறகு பிரிந்துபோன காயங்களில் கற்றாழை ஜெல்லைச் சேர்த்துப் பார்த்த 1991-ஆம் ஆண்டு ஆய்வில், வழக்கமான சிகிச்சையில் சராசரி 53 நாளில் ஆறிய காயம், ஜெல் சேர்த்தபோது 83 நாள் எடுத்தது. எனக்கு இந்த இரண்டும் சேர்ந்து சொல்வது தெளிவாகப் புரிகிறது: தோலின் மேற்பரப்போடு நிற்கும் சூடு, வெயில் எரிச்சல், வறட்சி, இவற்றுக்குப் பூசலாம். ஆழமான காயம், தையல் போட்ட இடம், பிரசவத் தழும்பு பக்கம் கொண்டுபோகக் கூடாது.

மறைவான செலவுகள் என்ன? முதலில் காத்திருப்பு. பக்கக்கன்றாக நட்டால் தடித்த இலை கிடைக்க இரண்டு, மூன்று ஆண்டு ஆகும். அதற்குள் அவசரப்பட்டு இலைகளை வெட்டினால் செடி இளைத்துவிடும். அப்புறம் ஈரம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மழை படும் இடத்தில் வைத்தால் அடி அழுகும். கூரைக்குக் கீழ், ஆனால் வெயில் படும்படி வைக்க வேண்டும், மண்ணில் பாதி மணல் கலக்க வேண்டும். வெட்டிய இலை ஃபிரிட்ஜில் சில நாள்தான் தாங்கும். நாய், பூனை மென்றால் வாந்தியும் பேதியும் வரும். பாட்டில் ஜெல் வாங்குவது இதற்கு மாற்று என்று நினைத்தால் லேபிளைப் படியுங்கள்: ஆல்கஹாலும் வாசனையும் முன்வரிசையில் இருந்தால் அது சூட்டில் எரியும்.

குடிப்பது பற்றி: கழுவிய சோற்றைக் கொஞ்சம் மோரில் அடித்துக் குடிப்பது நம் வீடுகளில் பழக்கம்தான். எப்போதாவது ஒரு நாள் குடித்தால் பயப்பட வேண்டியதில்லை. முழு இலையையும் தோலோடு அரைத்து நாள்தோறும் குடிப்பது வேறு விஷயம். மஞ்சள் பால் நீக்காத முழு இலைச் சாற்றை எலிகளுக்கு இரண்டு ஆண்டு கொடுத்தபோது குடலில் கட்டிகள் வந்தன. அதன் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அந்தச் சாற்றை ‘மனிதரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, கற்றாழைச் சாறு அதோடு சேர்ந்து சர்க்கரையை மேலும் இறக்கலாம். நம்மில் சர்க்கரை இல்லாத வீடே குறைவு. அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

கேப் கற்றாழை

இந்த நாட்டின் கற்றாழைகளில் பெரிய ஆள் இதுதான். மேற்குக் கேப் மாகாணத்து ஸ்வெலண்டாம் பக்கத்திலிருந்து கிழக்குக் கேப் மாகாணம் முழுக்க, க்வாசுலு-நட்டாலின் தெற்கு வரை, வறண்ட மலைச்சரிவுகளில் ஒற்றைத் தண்டோடு ஆளுயரத்துக்கும் மேலே நிற்கும். மே முதல் ஆகஸ்ட் வரை, மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கும்போது, செம்பிழம்பாகப் பூக்கும், தேன்சிட்டுகள் மொய்க்கும். சுலு மொழியில் இன்ஹ்லாபா. இலையின் ஓரத்திலும் சில செடிகளில் இலைப்பரப்பிலும்கூட முள் இருக்கும்.

இதன் மருத்துவ வரலாறு முழுக்க அந்த மஞ்சள் பாலைச் சுற்றித்தான். மேற்குக் கேப்பில் ஆல்பர்டீனியா ஊரைச் சுற்றி இன்றும் நடக்கும் வேலை இது. தரையில் ஒரு குழி, அதில் முன்பெல்லாம் ஆட்டுத்தோல், இப்போது பிளாஸ்டிக் விரிப்பு. செடியின் கீழ் இலைகளை மட்டும் வெட்டி, இருநூறு இலைகள் போல, வெட்டுவாய் உள்நோக்கி இருக்கும்படி வட்டமாக அடுக்குவார்கள். சில மணி நேரத்தில் பால் வடிந்து குழியில் சேரும். அதைத் தகர டிரம்மில் ஊற்றி, விறகடுப்பில் மணிக்கணக்கில் காய்ச்சினால் குழம்பாகும். ஆறினால் கண்ணாடி மாதிரி உடையும் கருங்கட்டி. 1761-லேயே இது ஐரோப்பாவுக்குக் கப்பலேறிவிட்டது.

அந்தக் கட்டியை முதன்முதலில் டர்பனின் வார்விக் சந்திப்பில் பார்த்தேன். பாதியில் நின்றுபோன மேம்பாலத்தின் மேல் மூலிகைச் சந்தை நடக்கிறதே, அங்கே. எடுத்து மோந்தவுடன் ஆயாவின் மருந்துப் பெட்டி நினைவுக்கு வந்தது. ஆயா ‘மூசாம்பரம்’ என்பாள், கரியபோளம் என்றும் சொல்வதுண்டு. சுளுக்குக்கும் அடிபட்ட வீக்கத்துக்கும் வெந்நீரில் குழைத்துப் பற்றுப் போடுவாள். கற்றாழைப் பாலைக் காய்ச்சி எடுத்த அதே வகைப் பொருள். இரண்டு கண்டங்களில், வெவ்வேறு மக்கள், கற்றாழைப் பாலை ஒரே மாதிரி காய்ச்சி வைத்திருக்கிறார்கள். அன்று அந்தச் சந்தையில் நின்று வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பரிச்சயம்தான் என்னைத் தவறச் செய்தது. மூசாம்பரம்தானே என்று, மலச்சிக்கலுக்காகக் கொண்டைக்கடலை அளவு ஒரு துண்டை விழுங்கினேன். இரவு முழுக்க வயிற்றை முறுக்கியது. மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை. இங்கே மரபாகச் சொல்லும் அளவு ஒரு தீக்குச்சித் தலை, அவ்வளவுதான். மருந்துக்கடை அம்மா பிறகு விளக்கிச் சொன்னார். இதிலுள்ள அலோயின் என்ற பொருள் வயிற்றையும் சிறுகுடலையும் அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போகிறது. அங்கிருக்கும் கிருமிகள் அதை உடைக்கும்போதுதான் வேலை தொடங்குகிறது. குடல் சுருங்கும், நீரை உறிஞ்சாமல் விட்டுவிடும். அதனால் பலன் தெரிய 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ‘இன்னும் ஒன்றும் ஆகவில்லையே’ என்று இரண்டாவது துண்டு எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

நாள்கணக்கில் எடுத்தால் உடம்பிலிருந்து பொட்டாசியம் வெளியேறும். தண்ணீர் மாத்திரையும் அதையே செய்யும். டிகாக்ஸின் போன்ற இதய மருந்தும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், குடல் அழற்சி உள்ளவர்கள், இவர்கள் யாரும் தொடக்கூடாது. அமெரிக்காவில் மருந்துச் சீட்டின்றி விற்கும் மலமிளக்கிகளிலிருந்து கற்றாழைப் பாலை 2002-ல் நீக்கினார்கள். பாதுகாப்பானது என்று காட்டும் தரவுகளை நிறுவனங்கள் கொடுக்கவில்லை. இங்கே இன்னும் கட்டியாகவும் தூளாகவும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. சில பழைய டச்சு சொட்டு மருந்துகளிலும் இது சேர்ந்திருக்கிறது. ஓரிரு நாள் கடும் மலச்சிக்கலுக்கு, சரியான அளவில், வேறு மாத்திரை எதுவும் எடுக்காத ஆரோக்கியமான பெரியவருக்கு இது வேலை செய்யும். அதை மறுக்க மாட்டேன். ஆனால் பழமும் கீரையும் தண்ணீரும் முயன்று பார்க்காமல் இதற்கு வரக்கூடாது.

இதன் இலைக்குள்ளும் சோறு உண்டு. தோலுக்குப் பூசும் களிம்புகளுக்கு அதைப் பெரிய அளவில் எடுக்கிறார்கள். வீட்டில் செய்வது சிரமம்: பால் மிகுதி, முள் மிகுதி, எவ்வளவு கழுவினாலும் கசப்பு விடாது.

வளர்ப்பதில் மறைவான செலவு இடம்தான். இது பக்கக்கன்று விடாது, விதையிலிருந்து வரவேண்டும். பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். தொட்டியில் வைத்தால் நின்றுபோகும். காட்டிலிருந்து பெயர்த்து வரலாமே என்று நினைக்க வேண்டாம். அனுமதி இல்லாமல் காட்டுச்செடியைப் பிடுங்குவது குற்றம். சோற்றுக்கற்றாழையைத் தவிர்த்த கற்றாழை இனங்கள் எல்லாமே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. சென்னையில் இருக்கும் சொந்தக்காரருக்கு ஒரு கன்றைப் பையில் போட்டு எடுத்துப்போவதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று: தண்டைச் சுற்றிக் காய்ந்து தொங்கும் பழைய இலைகளைச் சுத்தம் செய்கிறேன் என்று உரித்துவிடாதீர்கள். காட்டுத்தீயில் தண்டைக் காப்பது அந்தப் பாவாடைதான்.

இபூச்சு

மூன்றில் நம்மவர்கள் அதிகம் அறியாதது இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். சுலு மொழியில் இபூச்சு, ‘ச்’ வரும் இடத்தில் நாக்கால் ஒரு சொடுக்கு. கோசா மொழியில் இன்டெலெசி. தீங்கைத் தடுக்கும் செடிகளுக்குப் பொதுவாக வழங்கும் சொல் அது. வாசலில் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் நமக்கு அந்த எண்ணம் அந்நியமில்லை. செடியியல் பெயர் புல்பைன். கற்றாழைக்கு உறவு, ஆனால் கற்றாழை மாதிரி இருக்காது. வெங்காயத்தாள் போல மெல்லிய, உருண்ட, சாறு நிறைந்த இலைகள். மஞ்சளும் ஆரஞ்சுமாக, மகரந்தக் காம்பில் பஞ்சு ஒட்டியது போன்ற சின்னப் பூக்கள். டர்பனில் சாலை நடுவிலும் பேருந்து நிறுத்தத்துப் பக்கத்திலும் நகராட்சி நட்டு வைத்திருப்பதைத் தினமும் கடந்துபோகிறோம்.

எனக்கு இதைக் காட்டியவர் பக்கத்து வீட்டில் வேலை செய்த சுலு கோகோ (பாட்டி). கற்பூரத் தட்டு கவிழ்ந்து என் மகன் புறங்கை சுட்டுப்போனது. குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் வேலியோரம் போய் நாலைந்து இலை ஒடித்து வந்தார். கை நன்றாகக் குளிர்ந்த பிறகு, அவற்றைப் பிழிந்து தெளிந்த வழுவழுப்பைத் தடவினார். கழுவவும் வேண்டாம், தோல் சீவவும் வேண்டாம். கத்திகூட வேண்டாம். மூன்று செடிகளில், அழுகிற குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் பயன்படுத்தக்கூடியது இது ஒன்றுதான்.

சூட்டுக்கொப்புளம், கொசுக்கடி, உதட்டு வெடிப்பு, குதிகால் வெடிப்பு, படர்தாமரை, அரிப்பு என்று இங்குள்ள மக்கள் வெளிப்பூச்சாகவே இதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஆய்வுத் துணை சோற்றுக்கற்றாழை அளவுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2011-ல் பன்றிகளின் தோலில் காயம் உண்டாக்கிப் பார்த்தபோது இலைச்சாறு ஆறுவதற்கு உதவியது. மனிதரில் பெரிய அளவில் செய்த ஆய்வுகள் குறைவு. ஆனாலும் அன்றாடச் சின்னக் காயங்களுக்கு, தலைமுறைகளாக ஒரு மக்கள் தினமும் பயன்படுத்தி வரும் வெளிப்பூச்சை நான் நம்பி வைத்துக்கொள்வேன்.

இதைக் குடிக்கக் கூடாது. இதன் உறவுச்செடி ஒன்றின் தண்டை ஆண்மைக்கு என்று மாத்திரையாக்கி விற்கிறார்கள். எலிகளில் அது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாதித்திருக்கிறது. வாங்க வேண்டாம்.

வளர்ப்பு மிக எளிது. ஒரு தண்டை ஒடித்து மண்ணில் குத்தினால் வேர் பிடிக்கும். சில மாதத்தில் புதராகும். மழையையும் வறட்சியையும் தாங்கும். மறைவான செலவு ஒன்றே ஒன்று: பரவும். தரையில் நட்டால் பக்கத்துச் செடிகளின் இடத்தையும் எடுத்துக்கொள்ளும், ஆண்டுக்கு ஒருமுறை குறைக்க வேண்டும். தொட்டியில் அந்தப் பிரச்சினை இல்லை. இலை சிறிது என்பதால், முதுகு முழுக்க வெயில் எரிச்சல் என்றால் போதாது. கூந்தலுக்குத் தேய்க்கும் அளவுக்குச் சாறும் கிடைக்காது. சாலையோரச் செடியில் வாகனப் புகையும் பூச்சிமருந்தும் படிந்திருக்கும். தண்டு வேண்டுமானால் தெரிந்தவர் வீட்டுத் தோட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க

| | சோற்றுக்கற்றாழை | கேப் கற்றாழை | இபூச்சு |
|---|---|---|---|
| சின்னச் சூட்டுக்காயம் | நல்லது, ஆய்வுத் துணை உண்டு | வீட்டில் எடுப்பது கடினம் | நல்லது, உடனே கிடைக்கும் |
| கூந்தல், முகம் | மூன்றிலும் சிறந்தது | களிம்பாக வாங்கலாம் | சாறு போதாது |
| மலச்சிக்கல் | மஞ்சள் பால் வேண்டாம் | வலுவானது, ஆபத்தும் உண்டு | கூடாது |
| சன்னலோரத் தொட்டி | முடியும், மழை படாமல் | முடியாது | மிக எளிது |
| பயன்படக் காத்திருப்பு | 2–3 ஆண்டு | இன்னும் அதிகம் | சில மாதம் |
| குழந்தை, நாய் உள்ள வீடு | எட்டாத உயரத்தில் | முள்ளும் பாலும் தொல்லை | வெளிப்பூச்சு மட்டும் |

எந்தச் செடியானாலும் சூடு பட்டவுடன் முதல் மருந்து குழாய்த் தண்ணீர். 20 நிமிடம், ஓடும் குளிர்ந்த நீரில். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், வெண்ணெய் வேண்டாம். காயம் அவரவர் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால், முகத்திலோ மூட்டிலோ இருந்தால், தோல் வெள்ளையாகவோ கருகியோ இருந்தால், எதையும் பூசாமல் கிளினிக்குக்குப் போங்கள். பூசும் முன் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. அதைக் காயம் படாத நாளிலேயே செய்து வையுங்கள்.

ஹூடியாவும் புளிப்பு அத்தியும்

உடம்பு குறைய ஹூடியா வளர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். கலஹாரிப் பக்கத்துச் சான் மக்கள் நீண்ட வேட்டைப் பயணங்களில் பசியும் தாகமும் தெரியாமல் இருக்க மென்ற முள்தண்டு அது. அந்த அறிவை வைத்து இங்குள்ள அரசு ஆராய்ச்சி மன்றம் 1990-களில் காப்புரிமை எடுத்தது. சான் மக்களுக்குப் பங்கு என்ற ஒப்பந்தம் 2003-ல்தான் வந்தது. அதை எடுத்து நடத்திய யூனிலீவர் நிறுவனம் 2008-ல் கைவிட்டது. அவர்கள் செய்த 15 நாள் சோதனையில், எடை கூடிய பெண்கள் உண்ட அளவு பெரிதாகக் குறையவில்லை. குமட்டலும் இரத்த அழுத்த ஏற்றமும் வந்தன. செடியும் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அதன் பெயரில் விற்கும் மாத்திரைகளில் பணத்தைப் போடாதீர்கள். உரியவர்களுக்கு உரிய நேரத்தில் பங்கு கொடுக்காமல் எடுத்த அறிவு என்பதால் எனக்கு அந்தக் கதை எப்போதும் மனதை உறுத்துகிறது.

புளிப்பு அத்தி வேறு. டர்பன் கடற்கரை மணல்மேட்டில் மூன்று பட்டை இலையும் ஊதாப் பூவுமாகப் படர்ந்திருக்கும். இலைச்சாறு துவர்க்கும், தொண்டைக் கரகரப்புக்கும் வாய்ப்புண்ணுக்கும் கொப்பளிக்க இங்கே பழைய வழக்கம். தோட்டம் உள்ளவர்கள் தாராளமாக நடலாம். கடலில் நீலப்புட்டி (ஜெல்லிமீன் போன்ற, கொட்டும் உயிர்) கொட்டினால் இதன் சாற்றைத் தடவும் பழக்கமும் உண்டு. ஆனால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் 20 நிமிடம் வைப்பதற்குத்தான் நல்ல ஆய்வுத் துணை இருக்கிறது.

யாருக்கு எது

மாடி வீடு, ஒரே தொட்டி, சின்னப் பிள்ளைகள் என்றால் தயங்காமல் இபூச்சு. கூந்தலுக்கும் முகத்துக்கும் வாரந்தோறும் வேண்டும், மழை படாத வராண்டா இருக்கிறது, காத்திருக்கப் பொறுமை இருக்கிறது என்றால் சோற்றுக்கற்றாழை. இரண்டு தொட்டிக்கு இடமிருந்தால் இரண்டும். நிலம் இருக்கிறது, குளிர்காலத்தில் பூவும் தேன்சிட்டும் வேண்டும் என்றால் நர்சரியில் வளர்த்த கேப் கற்றாழைக் கன்றை வாங்கி வெயிலில், மேட்டில் நடுங்கள். அதை மருந்துச்செடியாக நினைக்காமல் மரியாதையோடு நிற்கவிடுங்கள். மலச்சிக்கலுக்குக் கட்டி தேவைப்பட்டால் மருந்துக்கடையில், உங்கள் மற்ற மாத்திரைகளின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

டோங்காட் மாமாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறார், அதில் ஒன்று தண்ணீர் மாத்திரை. வேலியில் நின்றது கேப் கற்றாழைதான், என்னைவிட உயரம். சாறு குடிக்கும் யோசனையை விட்டுவிட்டார். ஜூலையில் பூக்கும்போது வந்து பார் என்றார். திரும்பும் வழியில் பீனிக்ஸ் தங்கை வீட்டில் இறங்கி, என் தோட்டத்து இபூச்சுத் தண்டுகள் மூன்றை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். அன்றைக்கே நட்டுவிட்டாள். முதல் மாதம் மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர் விட வேண்டும், செடி கைப்பிடியளவு புதராகும் வரை இலை ஒடிக்கக் கூடாது என்று பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.